ஆய்வுக் கட்டுரையில் ஒரு வரி, கூடத்தில் ஒரு வருஷம்

117ஆம் தனிமமான டென்னசினைக் கண்டுபிடித்ததாக 2010இல் வந்த கட்டுரையில் டார்கெட் பற்றி, அதாவது முடுக்கியின் துகள் கற்றை மோதுகிற மெல்லிய படலம் பற்றி இருப்பது இரண்டு மூன்று வரிதான். வில் வடிவத்தில் ஆறு தகடுகள். ஒவ்வொன்றும் 6 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 0.74 மில்லிகிராம் கனமுள்ள டைட்டானியத்தின் மேல் 0.31 மில்லிகிராம் பெர்க்கிலியம்-249, ஆக்சைடாக. எல்லாம் ஒரு சக்கரத்தின் விளிம்பில் பொருத்தப்பட்டு நிமிடத்துக்கு 1700 சுற்று. அடுத்த வரியிலேயே டிடெக்டருக்குப் போய்விடுகிறார்கள்.

அந்த வரிகளுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் அணு உலையில் 250 நாள் கதிர்வீச்சு. அதிலிருந்து பெர்க்கிலியத்தைப் பிரித்துச் சுத்தம் செய்ய 90 நாள். கிடைத்தது 22 மில்லிகிராம். அதன் அரை ஆயுள் சுமார் 330 நாள் என்பதால், பொட்டலம் கட்டிய நிமிடத்திலிருந்தே சரக்கு கரையத் தொடங்கிவிடும். ஆவணங்களில் குறை என்று சுங்கத்தில் திருப்பி அனுப்ப, அந்தப் பொட்டலம் அட்லாண்டிக் கடலை ஐந்து முறை தாண்டியது. பிறகு ரஷ்யாவின் திமித்ரோவ்கிராத் நகரில் தகடாக்கி, துப்னா முடுக்கியில் 150 நாள் கால்சியம்-48 கற்றையைப் பாய்ச்சினார்கள். கிடைத்தவை ஆறு அணுக்கள்.

தகடுகளில் ஏறியது எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட 11 மில்லிகிராம். வந்த சரக்கில் பாதி. இந்தத் தொழிலில் அது அபாரமான கணக்கு. ஏன் என்று கீழே தெரியும்.

இந்த இரண்டு மூன்று வரிகளுக்காகவே உலகத்தில் ஒரு மாநாடு நடக்கிறது. 1970களில் உருவான பன்னாட்டு அணுக்கரு டார்கெட் மேம்பாட்டுச் சங்கம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கூடும். 2012இல் ஜெர்மனியின் மைன்ஸ், 2014இல் டோக்கியோ, 2016இல் கேப் டவுன், 2018இல் அமெரிக்காவின் ஈஸ்ட் லான்சிங். கொரோனா இடைவெளிக்குப் பிறகு 2022இல் சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வு நிறுவனம். அது 30ஆவது மாநாடு. இயற்பியல் மாநாடுகளில் வழக்கமாகக் கோட்பாடும் முடிவும் பேசுவார்கள். இங்கே படலம் ஏன் சுருண்டது, கண்ணாடியிலிருந்து ஏன் உரியவில்லை, கற்றை பட்டதும் ஏன் உருகியது என்பதுதான் பேச்சு. வருகிறவர்களில் வேதியியலாளர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் நிறைய.

முதலில் அளவை. டார்கெட்டின் கனத்தை மைக்ரானில் சொல்ல மாட்டார்கள். சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்பார்கள். வினை நடக்கும் வாய்ப்பைத் தீர்மானிப்பது கற்றையின் வழியில் எத்தனை அணு நிற்கிறது என்பதே. ஆவியாக்கிய படலத்தின் அடர்த்தி கட்டி உலோகத்தின் அடர்த்தியாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆகவே மைக்ரான் ஏமாற்றும், எடை ஏமாற்றாது. 20 மைக்ரோகிராம் கார்பன் என்றால் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு. ஒரு மில்லிகிராம் தங்கம் என்றால் அரை மைக்ரான். பீடாவில் ஒட்டும் வெள்ளித்தாளைக் கையில் எடுத்தவர்களுக்கு அது மூச்சுக்கே சுருண்டுகொள்வது தெரிந்திருக்கும். அந்த ரகப் பொருளை எதிலும் ஒட்டாமல், 10 மில்லிமீட்டர் ஓட்டையின் குறுக்கே, நடுவில் தாங்கல் இல்லாமல் நிற்க வைப்பதுதான் வேலை.

தடிமனாகவே செய்துவிட்டுப் போகலாமே என்றால், கற்றைத் துகள் உள்ளே போகப் போக ஆற்றலை இழக்கும். முன்பக்கம் நடந்த வினையும் பின்பக்கம் நடந்த வினையும் வேறு வேறு ஆற்றலில் நடந்ததாகிவிடும். வினையில் பிறந்த கனமான கருவோ வெளியே வரவே முடியாமல் உள்ளேயே தங்கிவிடும்.

வெற்றிட ஆவியாக்கம்தான் அன்றாட வழி. அறையின் அழுத்தத்தை ஒரு மில்லிபாரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு இறக்கி, டாண்டலம் அல்லது மாலிப்டினம் தகட்டில் மடித்த 'போட்'டில் பொருளை வைத்து, மின்சாரம் செலுத்திச் சூடேற்றுவார்கள். ஆவி மேலே போய்க் கண்ணாடி ஸ்லைடில் படியும். கார்பன், டங்ஸ்டன் போன்ற முரட்டுப் பொருளுக்குப் போட் தாங்காது. தண்ணீரால் குளிர்விக்கும் செம்புத் தொட்டியில் வைத்து எலக்ட்ரான் கற்றையால் அடிக்க வேண்டும்.

இழப்பின் கணக்கு இங்கேதான் கண்ணைக் குத்தும். போட்டிலிருந்து ஆவி மேல் அரைக்கோளம் முழுக்கச் சமமாகப் பரவுகிறது என்று கொள்வோம். ஸ்லைடு 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், அதில் சதுர சென்டிமீட்டருக்கு 100 மைக்ரோகிராம் படிய 63 மில்லிகிராம் பொருள் வேண்டும். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள டார்கெட்டில் உட்காருவதோ 0.08 மில்லிகிராம்தான். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆயிரத்தில் ஒன்றுக்குச் சற்று மேல். மீதி அறைச் சுவருக்குப் போய்ச் சேர்ந்தது. இயற்கையான தங்கத்துக்கே இது வயிற்றெரிச்சல். பிரித்தெடுத்த ஐசோடோப் (ஒரு தனிமத்தின் குறிப்பிட்ட எடையுள்ள அணு வகை) என்றால் கேட்கவே வேண்டாம். கால்சியம்-48 இயற்கைக் கால்சியத்தில் 0.187 சதவீதம்தான், செறிவூட்டியதன் விலை கிராமுக்குச் சுமார் 2 லட்சம் டாலர் என்று சொல்வது வழக்கம்.

உயரத்தைப் பாதியாக்கினால் பொருள் கால்வாசி போதும்: 5 சென்டிமீட்டரில் 16 மில்லிகிராம். ஆனால் அதற்கும் விலை உண்டு. 10 சென்டிமீட்டர் உயரத்தில் நடுவிலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளிப் படலத்தின் கனம் ஒன்றரை சதவீதம் குறையும். 5 சென்டிமீட்டரில் 6 சதவீதம் குறையும். செஞ்சூட்டில் இருக்கும் போட்டின் வெப்பமும் ஸ்லைடை நேராகத் தாக்கும். சூடான பரப்பில் படிந்த படலம் ஆறும்போது இழுவிசையோடு ஆறும். தண்ணீரில் விட்டதும் சுருட்டிக்கொள்ளும். என் கருத்தில், எவ்வளவு ஐசோடோப் கையில் இருக்கிறது என்பதை முதலில் எழுதி, அதிலிருந்து பின்னோக்கி உயரத்தைத் தீர்மானிப்பதே சரி. உயரத்தை முதலில் முடிவு செய்தவர்கள் பாதிப் படலத்தில் பொருள் தீர்ந்து நிற்பார்கள். நிஜமான ஐசோடோப்பைத் தொடும் முன் அதே தனிமத்தின் இயற்கைப் பொருளால் நான்கைந்து ஒத்திகை பார்ப்பது எங்கும் உள்ள வழக்கம். ஒத்திகையில் வராத கோளாறு ஐசோடோப்பில் வரும் என்பது தனிக் கதை: வியாபாரி தரும் தூளின் துகள் அளவு வேறு, ஈரம் வேறு, போட்டிலிருந்து பொரிப் பொரியாகத் தெறிக்கும். மெல்லச் சூடேற்றி முதலில் வாயுவை வெளியேற்றுவது, தூளை அழுத்தி வில்லையாக்குவது, போட்டின் மேல் சிறு துளையிட்ட மூடி போடுவது எல்லாம் அதற்காகத்தான்.

கார்பன் படலத்தை உரித்தெடுப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஏனென்றால் பாதி டார்கெட்டுகளுக்கு அடித்தளமே அதுதான்.

சுத்தமான ஸ்லைடின் மேல் முதலில் தண்ணீரில் கரையும் உப்பு ஒரு படலம்: பெரும்பாலும் பேரியம் குளோரைடு, சில இடங்களில் சாதாரண உப்போ சீசியம் அயோடைடோ. வெற்றிடத்தைக் கலைக்காமலே அதன் மேல் கார்பன். கார்பனை ஒரே மூச்சில் ஏற்றக் கூடாது. விட்டு விட்டு, இடையில் ஆற விட்டு ஏற்ற வேண்டும். முடிந்தபின் அறையை உடனே திறக்காமல் இரவு முழுக்க ஆற விடுவது நல்லது. அடுத்து ஸ்லைடுகளைக் குழாய் உலையில் வைத்து, நைட்ரஜன் ஓட்டத்தில் 325 டிகிரி செல்சியஸ் அளவில் ஒரு மணி நேரம் பதப்படுத்துவார்கள். படலத்துக்குள் இறுகிக் கிடக்கும் இழுவிசை அப்போதுதான் தளரும். இந்தப் படியைத் தாண்டிப் போனவர்களின் படலம் தண்ணீரைத் தொட்டதும் சுருட்டாகிவிடும்.

பிறகு பிளேடால், படலத்தைத் தாங்கப்போகிற ஓட்டையுள்ள சட்டத்தைவிடச் சற்றுப் பெரிய சதுரங்களாகக் கீறி, வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் ஸ்லைடைச் சாய்வாக, மெல்ல இறக்க வேண்டும். மெல்ல என்றால் நிஜமாகவே மெல்ல. நீர் விளிம்பு கீறலுக்குள் ஊர்ந்து உப்பைக் கரைக்கும். சதுரம் நுனியிலிருந்து பிரிந்து நீர்ப்பரப்பில் படர்ந்து மிதக்கும். நீர்மட்டம் படலத்தைத் தாண்டிப் போய்விட்டால் படலம் மூழ்கிவிடும், மூழ்கியது மீளாது. மிதக்கும் சதுரத்தின் அடியில் சட்டத்தைக் கொண்டுபோய், ஒரு விளிம்பை மட்டும் முதலில் ஒட்டவிட்டு, அந்த விளிம்பு மேலே இருக்கும்படி செங்குத்தாகத் தூக்க வேண்டும். தண்ணீர் கீழ்ப்பக்கமாக வடிந்து போகும். படுக்கை வாட்டில் தூக்கினால் ஓட்டையில் தேங்கும் நீரின் எடையே கிழித்துவிடும்.

கிழிவதற்குப் பெரும்பாலும் காரணம் சட்டத்தின் ஓட்டைதான். துளையிட்டபின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிர் இருந்தால் படலம் அங்கிருந்து கிழியும். நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, விரல் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஊசித்துளைகள் வந்தால் ஸ்லைடில் தூசி இருந்திருக்கிறது. உரியவே மறுத்தால் உப்புப் படலம் காற்றின் ஈரத்தைக் குடித்துத் திட்டுத் திட்டாகிவிட்டிருக்கும். மழைக்காலத்தில் இது அதிகம். உப்பு மிச்சம் இருந்தால் பிறகு சோதனையில் பேரியம் உச்சமாக வந்து நிற்கும். இரண்டாவது தொட்டி நல்ல நீரில் ஒரு முறை மிதக்க விட்டால் போதும்.

எல்லாம் முடிந்து, முடுக்கியின் சிதறல் அறையில் பொருத்தியபின் உடைகிற படலங்கள் எண்ணிலடங்காதவை. வெற்றிடப் பம்பின் வால்வைச் சட்டென்று திறந்தால் படலம் பாய்மரம்தான். ஊசி வால்வு வழியாக முதல் கால் மணி நேரம் பொறுமையாக இழுக்க வேண்டும். காற்று நுழையவிடும்போதும் அப்படியே. படலத்தின் முகம் காற்றோட்டத்தைப் பார்த்திருக்கக் கூடாது. டெல்லியில் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான முடுக்கி மையமான ஐ.யூ.ஏ.சி.யின் பெல்லெட்ரான் முடுக்கிக்கு நாட்டின் பல பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவர்கள் அங்கேயே டார்கெட் கூடத்தில் உட்கார்ந்து தங்கள் டார்கெட்டைத் தாங்களே செய்வதுண்டு. தன் கையால் ஸ்லைடு இறக்கியவர் வால்வைப் பார்த்துத்தான் திறப்பார்.

ஐசோடோப் வரும் வடிவமும் ஒரு தலைவலி. உலோகமாக வேண்டும், வருவதோ ஆக்சைடு, கார்பனேட். கால்சியம் கார்பனேட்டை 900 டிகிரி அளவில் சுட்டு ஆக்சைடாக்கி, சிர்க்கோனியம் தூளோடு கலந்து வெற்றிடத்தில் சூடேற்றினால் ஆக்சிஜனைச் சிர்க்கோனியம் வாங்கிக்கொள்ளும், கால்சியம் ஆவியாகிப் போகும். சமேரியம் ஆக்சைடுக்கு லாந்தனம். இரண்டிலும் தந்திரம் ஒன்றே: ஆக்சிஜனைப் பிடுங்குகிற உலோகம் அந்தச் சூட்டில் ஆவியாகக் கூடாது. கிடைத்த கால்சியமோ காற்றில் வைத்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்துவிடும். இரு பக்கமும் மெல்லிய தங்கப் படலம் போர்த்துவது, ஆர்கான் நிறைந்த பெட்டியிலேயே சட்டத்தில் பொருத்திக் கொண்டுபோவது என்று பல வழிகள் உண்டு. இல்லாவிட்டால் கால்சியம் வினையைத் தேடிப் போனவர் ஆக்சிஜன் வினையைத்தான் அளப்பார்.

சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிகிராமும் அதற்கு மேலும் போதுமென்றால் உருட்டுவதே உத்தமம். கண்ணாடிபோல் மெருகிட்ட துருப்பிடிக்காத எஃகுத் தகடு இரண்டுக்கு நடுவில் மணியளவு உலோகத்தை வைத்து உருளைகளுக்குள் மறுபடி மறுபடி விட வேண்டும். சுவருக்குப் போகும் இழப்பு கிடையாது. வெள்ளீயம், ஈயம், நிக்கல், இரும்பு நன்றாகப் படியும். நீட்ட நீட்ட உலோகம் கடினப்பட்டு ஓரம் வெடிக்கும். இடையில் சுட்டுத் தளர்த்த வேண்டும். எஃகில் ஒட்டிக்கொண்டால் அவசரப்பட்டு இழுக்காமல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டால் கிளம்பும்.

பெர்க்கிலியம் போன்ற ஆக்டினைடுகளை (யுரேனியம் வரிசையைச் சேர்ந்த கதிரியக்கத் தனிமங்களை) ஆவியாக்குவது ஊதாரித்தனம் மட்டுமல்ல, அறை முழுக்கக் கதிரியக்கத்தைப் பூசுவதும் ஆகும். அங்கே மூலக்கூறு மின்பூச்சு. நைட்ரேட் உப்பை மிகச் சிறிதளவு நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, ஐசோபுரொப்பனால் நிறைந்த சிறு கலத்தில் விட்டு, நூற்றுக்கணக்கான வோல்ட், சில நேரம் ஆயிரம் வரை கொடுப்பார்கள். மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மில்லியாம்பியர் அளவில்தான். ஓரிரு மணி நேரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் தகட்டில் ஏறிவிடும். ஆவியாக்கத்தின் ஆயிரத்தில் ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறையும் உண்டு: படிவது சுத்தமான ஆக்சைடு அல்ல, கரைப்பானின் சிதைவுகளும் சேர்ந்தே படியும். காய்ந்ததும் வறண்ட ஏரிப்படுகைபோல் வெடிக்கும். கற்றை பட்டதும் நிறம் மாறும், சில இடங்களில் உதிரும். அந்த வெடிப்பை எப்படிக் குறைப்பது என்று மைன்ஸ் குழு வருடக் கணக்கில் கட்டுரை கட்டுரையாக எழுதியிருக்கிறது.

இனி வெப்பம். இதற்கு ஓர் அருமையான கணக்கு உண்டு: ஒரு மைக்ரோஆம்பியர் துகள் ஓட்டம், ஒவ்வொரு துகளும் டார்கெட்டில் 1 எம்.இ.வி. (பத்து லட்சம் எலக்ட்ரான்வோல்ட்) ஆற்றலை விட்டுச் சென்றால், 1 வாட். ஆகவே 10 எம்.இ.வி. இழப்பு 10 வாட். சமையலறை இரவு விளக்கு அளவுதானே என்று தோன்றும். அது விழுவதோ 5 மில்லிமீட்டர் புள்ளியில். சதுர சென்டிமீட்டருக்கு 50 வாட். படலம் இவ்வளவு மெல்லியதாக இருப்பதால் சட்டத்துக்கு வெப்பம் கடத்தப்படுவது சொற்பம்; இரு பக்கமும் ஒளிர்ந்துதான் ஆற வேண்டும். கருப்பான பரப்பானாலும் 1400 கெல்வினைத் தாண்டிவிடும். ஈயம் 600 கெல்வினில் உருகும், பிஸ்மத் 544இல். பளபளக்கும் உலோகப் பரப்பு இன்னும் மோசம், அது கதிர்வீசவே கஞ்சத்தனம் காட்டும். மேலே ஒரு மெல்லிய கார்பன் போர்வை போட்டால் பரப்பு கருப்பாகும், தெறித்துப் போகும் அணுக்களும் தடுக்கப்படும்.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் உள்ள ஜி.எஸ்.ஐ. முடுக்கி ஆய்வகம் இதற்குச் செய்த சக்கரம் அழகான பொறியியல். 155 மில்லிமீட்டர் ஆரம், எட்டு வாழைப்பழ வடிவ டார்கெட்டுகள், நிமிடத்துக்கு 1125 சுற்று. ஏன் 1125? அங்குள்ள முடுக்கி விநாடிக்கு 50 துடிப்பாகக் கற்றையைத் தரும், ஒவ்வொரு துடிப்பும் 5 மில்லிவிநாடி. 1125 சுற்று என்றால் விநாடிக்கு 18.75, எட்டால் பெருக்கினால் 150 டார்கெட்டுகள் கற்றைப் பாதையைக் கடக்கும். ஒவ்வொன்றும் 6.7 மில்லிவிநாடி நிற்கும். 5 மில்லிவிநாடித் துடிப்பு அதற்குள் முழுசாக அடங்கும், நடுச் சட்டத்தில் படவே படாது. அடுத்த துடிப்பு மூன்று டார்கெட் தள்ளி விழும். மூன்றுக்கும் எட்டுக்கும் பொது வகுஎண் இல்லாததால் எட்டும் முறை வைத்து அடி வாங்கும். மேலே சொன்ன 10 வாட் சக்கரத்தின் சுற்றளவில் பரவிவிட்டால் சராசரி வெப்பநிலை 400 கெல்வினுக்குள் நின்றுவிடும். அதுவும் போதாத மின்னோட்டங்களுக்கு ஈயத்துக்குப் பதில் 1118 டிகிரி செல்சியஸில் உருகும் ஈய சல்பைடு, பிஸ்மத்துக்குப் பதில் அதன் ஆக்சைடு. கந்தகமும் ஆக்சிஜனும் கூடவே வருவது இதற்குக் கொடுக்கும் விலை.

இதே வெப்பச் சண்டையின் உச்சம் மாநாட்டில் எப்போதும் தனி அமர்வாக வரும் ஸ்ட்ரிப்பர் படலங்கள். இவை டார்கெட் அல்ல. ஓடும் அயனியிலிருந்து எலக்ட்ரான்களை உரிக்கிற படலங்கள். ஓக் ரிட்ஜின் நியூட்ரான் மூலத்தில் நுண்வைரப் படலம், ஜப்பானின் ஜே-பார்க் முடுக்கி மையத்தில் போரான் கலந்த கார்பன். 2018 மாநாட்டை நடத்திய மிச்சிகனிலோ திடப் படலத்தையே கைவிட்டார்கள். அங்குள்ள எஃப்.ஆர்.ஐ.பி. முடுக்கியில் 10 முதல் 20 மைக்ரான் கனத்தில் திரவ லித்தியம் விநாடிக்கு 50 மீட்டருக்கும் மேலான வேகத்தில் படலமாக ஓடுகிறது. கற்றை துளைத்த இடம் அடுத்த கணம் அங்கே இல்லை. கிழிவதற்கு ஒன்றுமில்லாத படலம். பதிலுக்கு, காற்றும் ஈரமும் பட்டால் தீப்பிடிக்கும் உலோகத்தோடு குடித்தனம்.

செய்ததை அளப்பது எப்படி? படியும்போதே குவார்ட்ஸ் படிகம் சொல்லும். 6 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் 1 ஹெர்ட்ஸ் குறைந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 12 நானோகிராம் ஏறியிருக்கிறது. ஆனால் படிகம் இருக்கும் இடம் வேறு, ஸ்லைடு இருக்கும் இடம் வேறு. நம்பகமானது ஆல்ஃபா: அமெரிசியம்-241 தரும் 5.486 எம்.இ.வி. துகளைப் படலத்தின் வழியே அனுப்பி, டிடெக்டரின் ஆற்றல் வரைபடத்தில் அதன் உச்சம் எவ்வளவு நகர்ந்தது என்று பார்ப்பது. சதுர சென்டிமீட்டருக்கு 100 மைக்ரோகிராம் தங்கத்தில் சுமார் 20 கே.இ.வி. (ஆயிரம் எலக்ட்ரான்வோல்ட்) நகரும். உச்சம் நகர்ந்ததோடு அகன்றும் போயிருந்தால் படலம் மேடு பள்ளம். ஒரே புள்ளியில் அளந்து எழுதிவிடக் கூடாது. கற்றை விழப்போகிற இடத்தில் அளக்க வேண்டும். வெளியாகும் குறுக்குவெட்டு (வினை நடக்கும் வாய்ப்பின் அளவு) அளவீடுகளின் பிழையில் பெரும்பங்கு டார்கெட் கனத்திலிருந்து வருவதும், அதற்கு இந்த அலட்சியம் ஒரு காரணம் என்பதும் மாநாட்டுக்கு வருகிறவர்களின் நிரந்தர மனக்குறை. அந்தக் குறை நியாயமானது என்றே நினைக்கிறேன்.

பெர்க்கிலியத் தகடுகளுக்குத் திரும்புவோம். அவை சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோதே மாறிக்கொண்டிருந்தன. பெர்க்கிலியம்-249 பீட்டா சிதைவில் கலிஃபோர்னியம்-249 ஆகும். 150 நாளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அப்படி மாறிவிடும். டார்கெட் செய்தவர் கணக்கில் அது அசுத்தம், வேளைக்கு வேளை கூடுகிற அசுத்தம். கலிஃபோர்னியம்-249ஐக் கால்சியம்-48 தாக்கினால் வருவது 118ஆம் தனிமமான ஒகனேசான். 2012இல் துப்னா குழு பெர்க்கிலியம் டார்கெட்டோடு சோதனையை மறுபடி நடத்தியபோது, டென்னசினின் சிதைவுச் சங்கிலிகளுக்கு நடுவே ஒகனேசான்-294இன் சங்கிலி ஒன்றும் வந்து விழுந்தது. அந்தத் தகட்டில் கலிஃபோர்னியத்தை யாரும் பூசவில்லை.